ஹெரால்டுக்கு வாங்கிய செயின் செட்

சேவூர்,
12.8.2004

அன்பு நண்பன் தண்டாயுதபாணிக்கு நல்லான் எழுதுவது.

நானும் மருதாளும் நலம். லூதியானாவில் உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? போன் போட்டே பேசியிருக்கலாம். ஆனால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

சித்திரையில் உன் மகன் பிரதீப் பனியன் சரக்கு விஷயமாகக் காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்தவன், இங்கேயும் வந்தான். கொட்டகையில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுதான் அப்பாவோட ஹெரால்டுங்களா?" என்றான். நீ எடைக்குப் போடச் சொன்ன அதே கார்தான். நான் போடவில்லை. திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

எனக்குச் சோழவரம் கார் பந்தயம் ஞாபகம் வந்துவிட்டது. எண்பத்தாறில் பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, பின்சீட்டில் டயரும் மருதாள் கட்டிக்கொடுத்த புளிசோறுமாக மெட்ராஸ் வரைக்கும் அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு போனோமே! மூன்றாவது சுற்றில் நீ இரண்டு பேரை முந்தினாய். நான் கத்தியதில் இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கப்புறம் வரவேயில்லை. ஐந்தாவது சுற்றில் இஞ்சின் போய்விட்டது.

பிரதீப் சாப்பிடும்போது சொன்னான்: "அப்பா இப்ப வண்டியே ஓட்டறதில்லீங்க மாமா. ரேசுல கியரைத் தப்பாப் போட்டு இஞ்சினை உடைச்சவன், என் கை ஆகாதும்பாருங்க." நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டேன்.

தண்டபாணி, நீ கியரைத் தப்பாகப் போடவில்லை. தப்பு என்னுடையது.

பந்தயத்துக்கு முந்தின வாரம் இஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின் தொய்ந்திருந்தது. புதுசு வர நாளாகும் என்றார்கள். நான்தான் பெரிய மிஷின் ஃபிட்டர் ஆயிற்றே! கம்பெனியில் துணியை அழுத்தும் காலண்டர் மிஷினுக்கு வைத்திருந்த செயின் அளவு ஒத்துவந்தது. நாலு கண்ணி கழற்றிவிட்டு மாட்டினேன். நிதானமாகச் சுற்றும் மிஷினுக்கான செயின் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றுச் சுற்றும் இஞ்சினில் எப்படித் தாங்கும்? அதுதான் அறுந்தது, வால்வுகளும் அதனால்தான் வளைந்தன. பிரித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாய். நான் அறுந்த செயினைப் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அடுத்த மாதமே நீ ஊரை விட்டுப் போனாய், நான் வாய் திறக்கவில்லை. பதினெட்டு வருஷமாகக் கோழையாக இருந்துவிட்டேன்.

பிரதீப் சொன்ன அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். வெறுங்கையோடு எழுத மனம் வரவில்லை. கோயமுத்தூரில் ஸ்பேர் கடைக்காரர், "வீதிக்குங்களா, ரேசுக்குங்களா?" என்று கேட்டார். வீதிக்கு ஒற்றை வரிசைச் செயினே போதுமாம். ரேசுக்கு என்று சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரட்டை வரிசைச் செயின், அதற்கேற்ற இரண்டு பல்சக்கரம், செயினைத் தொய்யாமல் பிடிக்கும் டென்ஷனர் எல்லாம் ஒரே செட்டாக இங்கிலாந்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். இந்த முறை அளவை மட்டும் பார்த்து வாங்கவில்லை.

இஞ்சினில் மற்ற வேலையெல்லாம் முடிந்தது. செட்டை மட்டும் இன்னும் மாட்டவில்லை. "ஏனுங்க, அந்தப் பொட்டியத் தொட்டில் குழந்தையாட்டம் எத்தனை தடவை எட்டிப் பார்ப்பீங்க?" என்று மருதாள் கேலி செய்கிறாள்.

செயினை மாட்டும்போது இரண்டு பல்சக்கரத்தின் அடையாளப் புள்ளிகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அன்றைக்கு என்னை நம்பி நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த முறை நீயே வந்து மாட்டு. மன்னிக்க மனம் வராவிட்டாலும் வா, நாலு வார்த்தை கேள், கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடி. உன் கை நல்ல கை, தண்டபாணி.

உன் பக்கத்து சீட்டை யாருக்கும் கொடுக்காத,
நல்லான்