தென்பக்கக் கோலுக்குப் பின்னால் கிடக்கும் குண்டு

என் அன்புக்குரிய அத்தான்,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னவன். நகரசபைக்காரர் இரண்டு பேர் நம் பழைய உதைபந்து மைதானத்தைச் சுற்றிச் சும்மா நடந்து போனதைக் கண்டு, "அத்தான், காசு ஒதுக்கப் போறாங்கள், கவனம்" என்றேன். நீங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சிரித்தீர்கள். இப்போது சிரியுங்கள் பார்ப்போம்.

காசு ஒதுக்கிவிட்டார்கள். அதுவும் ஏகமனதாக. அந்தச் சொல்லில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு தெருவிளக்குக்கு பல்பு போடவே ஒத்துப்போகாத மனிதர்கள், பந்து விளையாட்டுக்கு மட்டும் எப்படி ஒரே மனதானார்கள்? வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனதிலிருந்து அந்த மைதானத்துக்கு ஒரு கூடை மண் கொட்டாதவர்கள் இவர்கள்.

நேரே போய், சபையின் கட்டட வேலைகளைப் பார்க்கும் ஓவசியரைப் பிடித்தேன். அவர் வரைபடத்தை ஜீப்பின் மூக்கில் விரித்தார். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன்தான். ஆனால் துறைமுகத்தில் வெள்ளைக்கார என்ஜினியர் தலைகீழாகப் பிடித்திருந்த வரைபடத்தை வாங்கி நிமிர்த்திக் கொடுத்த கை இது. கூரை போட்ட பார்வையாளர் மண்டபம், சுற்றுமதில், கக்கூசு, எல்லாம் சரி. தெற்குக் கோலுக்குப் பின்னால், கடற்பக்கம், வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

"இதென்ன தம்பி, பெட்டி பெட்டியா?"

"கடையள் ஐயா. ஏலத்திலை குடுப்பினம்."

"அதிலை எங்கட அக்கான்ரை தேத்தண்ணிக் கொட்டில் எல்லோ இருக்குது?"

"பிளானிலை கொட்டில் ஒண்டும் இல்லை ஐயா."

கேட்டீர்களா? நீங்கள் போன பிறகு அக்காவுக்கும் உங்கள் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அந்தக் கொட்டில்தான் சோறு. பக்கத்தில் வலை காயப்போடும் காதர் காக்காவின் ஆட்களுக்கு விடியற்காலைத் தேத்தண்ணி அங்கேதான். அந்த இடத்துக்குக் கைமாறாக வருசா வருசம் கோலுக்கு வலை பின்னிக் கொடுப்பவர்களும் அவர்கள்தான். இதில் எதையும் அந்த வரைபடத்தில் நான் காணவில்லை.

அடுத்த கிழமை நகரசபைச் சேர்மனே கொட்டிலுக்கு வந்து வாங்கில் அமர்ந்தார். என் சந்தேகம் இரட்டித்தது. காரை விட்டு இறங்காத மனிதர் அல்லவா?

"இராசையாண்ணையைப் போலை ஒரு கோல் கீப்பர் இனிப் பிறக்க ஏலாது. புது வாசலுக்கு அவற்றை பேரைத்தான் வைக்கப் போறம் அக்கா."

உங்கள் பெயரைக் கேட்டதும் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தா. நான் துடைக்கவில்லை.

"வாசல் எங்கை வருது?"

"இந்தா, இதிலைதான்" என்று வாங்கைத் தட்டினார்.

"அப்ப அக்கா?"

"அவவுக்கு வேறை இடம் பாப்பம்."

"பாப்பம் எண்டா எப்ப?"

"நல்ல தேத்தண்ணி" என்றார் சேர்மன்.

அன்றே முடிவெடுத்தேன். மைதானத்தில் சபை கூட்டிய பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "எல்லாம் வடிவாச் செய்யுங்கோ. ஆனா தெற்குக் கோலுக்குப் பின்னாலை மட்டும் தோண்டாதையுங்கோ. சண்டைக் காலத்திலை யப்பான்காரன் போட்ட குண்டு ஒண்டு வெடிக்காமல் கிடக்குது" என்றேன்.

"சின்னத்துரையற்றை குண்டு ஒருநாளும் வெடிக்காது, பயப்பிடாதையுங்கோ!" என்று பின்னால் இருந்து ஒருவன் என் பெயரைச் சொல்லிக் கத்தினான். கூட்டம் முழுக்கச் சிரிப்பு.

"நான் கண்டதெண்டு சொன்னனானோ? அத்தான் கண்டவர். சாக முன்னம் என்னட்டைச் சொன்னவர். பனங்குற்றி அளவு. மூக்கிலை சிவப்புக் கோடு. தொட்டுப் பாத்தவர், சுட்டதாம்."

சிரிப்பு நின்றது. ஏன் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். இறுதி ஆட்டத்தில், நடுவருக்கே தெரியாத பந்தை, "கோடு தாண்டினதுதான் ஐயா" என்று நீங்களே கையை உயர்த்திச் சொல்லிக் கிண்ணத்தைத் தோற்றவர். அதற்குப் பிறகு மூன்று நாள் நான் உங்களோடு பேசவில்லை.

காதர் காக்கா எழும்பினார். "இராசையா சொன்னதெண்டா அது கிடக்கும்" என்றுவிட்டு அமர்ந்தார்.

ஓவசியர் படித்தவர், நம்பவில்லை. மறுநாளே ஆட்களைக் கொண்டுவந்து தோண்டினார். அலவாங்கு இரண்டு முழம் இறங்கவில்லை, 'ணங்' என்று ஒரு சத்தம்! அத்தான், அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓவசியரின் ஒரு சப்பாத்து மைதானத்தில், மற்றது அடுத்த ஊர் சாம்பல்தீவில்! சரி, சாம்பல்தீவு இல்லை, தபால் கந்தோரடியில்.

குழியை மூடிவிட்டு, குண்டை எடுக்க ஆள் கேட்டுக் கொழும்புக்கு எழுதினார்கள். பதில் வரும்வரை குண்டு சூடேறாமல் இருக்க ஒவ்வொரு மத்தியானமும் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லி உத்தரவு. யார் ஊற்றுவது? சபையில் ஒருவரும் கிட்டப் போக ஆயத்தமில்லை. அக்காவிடம் வந்து நின்றார்கள். கொட்டில் அங்கேயே இருக்கலாம் என்று முத்திரை குத்தி அனுமதி கொடுத்தார்கள். அக்கா இப்போது கோப்பை கழுவும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறா. அந்த இடத்தில் மட்டும் புல் எப்படி வளர்ந்திருக்கிறது தெரியுமா?

கொழும்பிலிருந்து இன்னும் பதில் இல்லை; கடைகளை றோட்டுப் பக்கம் கட்டி முடித்துவிட்டார்கள். போன ஞாயிறு திறப்பு விழா. உங்கள் பெயர் போட்ட வாசலும் றோட்டுப் பக்கம்தான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பலகையைத் தடவிப் பார்த்தேன்: இரண்டே இரண்டு ஆணி. நிரந்தரமாக வைக்கிற பெயருக்கு இரண்டு ஆணியா? அடுத்த தேர்தலுக்குப் பிறகு வேறு யாருடைய பெயர் வரப்போகிறது? என் கண் அந்தப் பலகையில்தான் இருக்கும்.

கட்டடம் முடிந்தது, அனுமதி அக்காவின் அலுமாரியில். ஆகவே இனி இதை யார் வாசித்தாலும் பயமில்லை. நீங்கள் என்னிடம் குண்டைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. என் வாயை ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள், அதனால் உங்கள் வாயை இரவல் வாங்கினேன். அலவாங்கு பட்டது நீங்களும் நானும் நட்ட பழைய கோல் கம்பத்தின் அடி. கடற்படைக்காரர் எறிந்துவிட்டுப் போன இரும்புக் குழாய், மைதானம் சுருங்கியபோது மேலே அறுத்துவிட்டு அடியை விட்டோமே, அதுதான். போன பிறகும் ஒரு பந்தைத் தடுத்துவிட்டீர்கள்.

நான் உள்ளவரை அக்காவின் அடுப்பை அந்த இடத்திலிருந்து ஒருவரும் அசைக்க விடமாட்டேன். அக்காவுக்குக் கை ஓய்ந்தால் தண்ணீரையும் நானே ஊற்றுவேன். இங்கிருந்து அங்கே வருகிறவர்கள் குண்டைப் பற்றி உங்களிடம் கேட்பார்கள். நீங்கள் பொய் சொல்ல வேண்டாம் அத்தான், அது உங்களால் ஏலாது. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சும்மா சிரியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மாமனாக இங்கே காவல் நிற்கும் மச்சான்,
சின்னத்துரை