நீலப் படங்கு

அன்பு மகள் ஷாமிளாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் உன் தங்கையா மாமாவின் மகள் டிலானி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மட்டக்களப்பு வெயிலில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மன் துணையிருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. ஒரு கிழமையாக மழை, பால்வெட்டு இல்லை, றப்பர் மரத்துச் சிரட்டை எல்லாம் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. கூரைத் தகரத்துக்கு இந்த மாதமும் ஆள் வரவில்லை, கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள், அதை இருபது வருடமாகச் சொல்கிறார்கள். சுகச் செய்தி இவ்வளவுதான். மிச்சமெல்லாம் உன் மேல் எனக்குள்ள கோபம், உட்கார்ந்து வாசி.

போனில் சொல்லலாம் என்றால் நீ என்னைப் பேச விடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறந்ததும், அப்பா அது ப்ரீ ரைட்டிங், பத்து நிமிஷம் பேனைய எடுக்காம மனசுல வர்றத எழுதணும், நிப்பாட்டக் கூடாது, திருத்தக் கூடாது, அப்பத்தான் உண்மை வரும்னு மிஸ் சொல்லியிருக்காங்க, கிளாசுக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். நிறுத்தாமல் யோசிக்காமல் மனதில் வருவதைக் கொட்டுவதற்கு ஒரு கேம்பஸா? உங்கம்மா தினம் காலையில் பீலியடியில் குடத்தை வைத்துக்கொண்டு அதைத்தான் செய்கிறாள், அவளுக்கு யார் சர்டிபிகேட் கொடுத்தது? சரி, கொப்பியில் எழுதினாய், மிஸ் பார்த்தார், அதோடு மூடி வைத்திருக்கலாம். அதை அப்படியே புளொக்கில் போட்டு ஊருக்கெல்லாம் காட்டச் சொன்னது யார் என்றால் அதுவும் கிளாஸ் வேலை என்கிறாய். பாதி வெந்த சோற்றை இறக்கிப் பந்தியில் வைக்கிற படிப்பு என்ன படிப்போ எனக்கு விளங்கவில்லை.

அதை எனக்கு வாசித்துக் காட்டியது டிலானிதான். தங்கையாதான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். நம்ம புள்ள என்னமோ எழுதியிருக்காம், இருநூறு பேரு ஹார்ட் போட்டிருக்காங்களாம், வாசி கேப்போம் என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். உன் ஐந்து வயதில் நம் தோட்டத்தில் மண் சரிந்ததைப் பற்றி நீ எழுதியதில் உள்ள பிழைகளைக் கேள். மண் சரிந்தது வெள்ளிக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை. வேலைக்குப் போகும்போது உங்களை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் நின்றது பலா மரம் இல்லை, கித்துள் பனை, அதுதான் கூரையில் சாய்ந்தது. நீ போட்டிருந்தது சிவப்புக் கவுன் இல்லை, இந்திராணி அக்கா கொடுத்த பச்சைக் கவுன், முதுகில் ஒரு பொத்தான் இல்லாமல் ஊசி குத்தி விட்டிருந்தோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் நினைவிருக்காது, அதற்கு நான் கோபப்படவில்லை. பிறகு எழுதியிருக்கிறாயே, தங்கையா மாமா மழைக்கு நீலப் பிளாஸ்டிக் படங்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு வாசல் வரை வந்தார், மலை முறிகிற சத்தம் கேட்டதும் என்னை விட்டுவிட்டு ஓடினார், அப்பாதான் என்னைத் தூக்கி வந்தார், மாமா இன்றைக்கும் நொண்டுவது அன்று ஓடிய ஓட்டத்துக்குக் கிடைத்த கூலி என்று. அந்த இடம் வந்ததும் டிலானி வாசிப்பதை விட்டுவிட்டாள். தங்கையாதான், நிப்பாட்டாத, முழுசா வாசி என்றான். முடிந்ததும் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தான், மழையப் பத்தி எழுதினது அப்புடியே கண்ணுல நிக்குது, கெட்டிக்காரப் புள்ள என்றான், கம்பை எடுத்துக்கொண்டு போனான். ஒன்பது நாளாகிறது, இந்தப் படியில் ஏறவில்லை. டவுனில் முஹ்ஸின் நானா கடைக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில் எவனோ, அண்ணே அந்தக் காலத்துல நல்லா ஓடுவீங்களாமே என்று கேட்டுச் சிரித்திருக்கிறான். இவனும் சிரித்துவிட்டு வந்தானாம். நெசமாப்பா என்று டிலானி அழுதுகொண்டு கேட்டதற்கு, சின்னப் புள்ள, மழையில யாரக் கண்டுச்சோ என்று மட்டும் சொன்னானாம்.

இப்போது அதைக் கேம்பஸ் புத்தகத்தில் அச்சடிக்கப் போகிறார்கள், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். அச்சில் ஏறிவிட்டால் தங்கையா செத்த பிறகும் அவன் ஓடிக்கொண்டேதான் இருப்பான். அதனால்தான் இந்தக் கடிதம்.

படங்கு தங்கையாவுடையதுதான். தோட்டத்தில் எல்லாரும் மழைக்குப் போர்த்தியது கறுப்பு, அவனிடம் மட்டும்தான் நீலம். அன்றைக்குக் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் நான் இருமுவதைப் பார்த்து, இந்தாடா போத்திக்க என்று கழற்றிக் கொடுத்துவிட்டு அவன் நனைந்துகொண்டு மலைக்குப் போனான். மழை கூடியதும் மற்றத் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டார்கள், உங்கம்மா கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால் நீ மட்டும் மிச்சம், ஆயா தேத்தண்ணி குடிக்க லயத்துக்குப் போயிருந்தாள். உன்னைத் தூக்கத்தான் வந்தேன். வாசல் வரைக்கும் வந்தேன். மலை முறிந்தது. கீழே பாலம் வரை ஓடினேன், அங்கே நின்று மூச்சு வாங்கும்போதுதான் நீ உள்ளே இருப்பது எனக்கு உறைத்தது. திரும்பி ஏறி வந்தால், தங்கையா அந்தக் கித்துளுக்கு அடியிலிருந்து ஒரு காலை இழுத்துக்கொண்டு வருகிறான். உன் முகத்தில் மண் படாமல் சாக்கால் மூடியிருந்தான். இந்தா ஒம் புள்ள, புடி என்று கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நீ கண்ணைத் திறந்தபோது என் கையில் இருந்தாய். சனம் ஓடி வந்தபோதும் என் கையில்தான் இருந்தாய். காலுக்கு என்ன என்று கேட்டவர்களிடம் சறுக்கி விழுந்துட்டேன் என்றான். பதினேழு வருடம் நானும் அதையே சொன்னேன்.

இந்த இடத்தில் டிலானி பேனையை வைத்துவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, சொல்லுங்க மாமா என்கிறாள். என் முகத்தைப் பார்க்காமல் எழுதுகிறாள். எழுதட்டும்.

உன் மேல் உள்ள கோபம் இன்னும் போகவில்லை. உலகத்துக்குக் காட்டுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று மட்டும் கேட்காதே. நாளைக்கே மிஸ்ஸிடம் போய் இதைத் திருத்த வேண்டும் என்று சொல். கூடாது என்றால் புதிதாக இன்னொன்று எழுது, பேனையை எடுக்காமலே எழுது, என் பெயரைப் போட்டு எழுது. மாமாவுக்கு நீயே போன் எடு. அதெல்லாம் இப்ப எதுக்கு புள்ள என்பான், நீ விடாதே. இந்தக் கடிதத்தை மடித்ததும் நான் அவன் காம்பராவுக்குப் போகிறேன், டிலானி வாயால் அவன் கேட்பதற்கு முன்னால் நான் போய்விட வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. எந்தப் பொல்லாப்பும் உன் பக்கம் வராமல் மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். ஒன்றை மறந்துவிடாதே, படங்கு நீலம்தான், அதைத் திருத்த வேண்டாம். உள்ளே இருந்த ஆளை மட்டும் மாற்று.

கைநாட்டு வைத்தது உன் அப்பா ராமச்சந்திரன்,
எழுதியது தங்கையா மகள் டிலானி.