ஐந்தாவது டிரம் நிற்க வேண்டிய இடம்

அன்புள்ள மாரெனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அந்த மட்டில் நலம். நீ எந்த ஊர்ப் பள்ளிக்கூடத் தரையில் படுத்திருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இன்று காலை எழுந்ததும் காபிகூடப் போடாமல், சனிக்கிழமை நிகழ்ச்சியை யாரோ ஒரு பெற்றோர் படம் பிடித்து அனுப்பியிருந்தார்களே, அதைச் சமையலறையில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பார்க்கவில்லை, கேட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்று நீ போனில், "அம்மா, என்னால முடியல, வந்து கூட்டிட்டுப் போ" என்று அழுதாய். என்னடி ஆயிற்று என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, வெயில், தூக்கமே இல்ல" என்றாய். பஸ் கிளம்புகிறது என்று பின்னால் யாரோ கத்தினார்கள், வைத்துவிட்டாய். வெயிலையும் தூக்கத்தையும் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது எனக்குத் தெரிந்த விஷயம், உன் அப்பாவை நான் சந்தித்ததே இப்படி டிரம் கோர் அணியோடு ஊர் ஊராகப் போய் மைதானங்களில் அணிவகுத்து வாசித்த ஒரு கோடையில், இருவருக்கும் மூக்குத் தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தபோதுதான். ஜூலை நடுவில் எல்லாருக்கும் எல்லாரையும் பிடிக்காமல் போகும், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி மூச்சு விடுவதுகூடக் கோபமூட்டும், அதற்காக உன்னைக் கெட்டவள் என்று நினைத்துக்கொள்ளாதே. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று பயிற்சியாளர் சொன்னால் நம்பாதே, அந்த ஒரு தடவை இருட்டும் வரை போகும், அதைக் கேட்டுச் சிரிக்கப் பழகியவர்கள்தான் ஆகஸ்ட் வரை தாக்குப்பிடிக்கிறார்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடி. டிரம்மை மாட்டும் சட்டம் தோளில் புண் செய்திருந்தால் வீரம் காட்டி மறைக்காதே. சாப்பாட்டு வண்டியில் மறுபடியும் அதே வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி என்றாலும் சாப்பிட்டுவிடு. இதெல்லாம் கஷ்டம்தான், ஆனால் தாங்கக்கூடிய கஷ்டம், நீயும் தாங்கக்கூடியவள்தான்.

ஆனால் நீ அழுதது வெயிலுக்காக இல்லை, மாரென். பிப்ரவரியில் உன் அண்ணன் டோபின் அந்தப் பனி உறைந்த சாலையில் விபத்தில் போனபின் நாம் மூன்று பேரும் அழாத அழுகை இல்லை, எது எதற்கான அழுகை என்று எனக்குத் தெரியும். அணியில் அவனுக்கு இதுதான் கடைசிக் கோடையாக இருந்திருக்கும், வயது வரம்பு முடிந்து சக வயதுக்காரர்களோடு மைதானத்தில் கட்டிப்பிடித்து விடைபெற்றிருப்பான். அடக்கம் முடிந்த வாரத்தில் அணியின் இயக்குநர் ராய்ஸ் நம் வீட்டுக்கு வந்து, "கொரின், அவன் இடத்துல நாங்க யாரையும் நிறுத்தப்போறதில்ல, அஞ்சாவது டிரம் இல்லாமலே நடக்கிறோம், போட்டியில மார்க் குறைஞ்சா குறையட்டும்" என்றபோது நாங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். அணிவகுப்பில் யாராவது கணுக்கால் சுளுக்கி விலகினால் மற்றவர்கள் நெருங்கி நின்று இடைவெளியை மூடக் கூடாது, அவர் அங்கே இருப்பதுபோலவே அளவு காத்து நடக்க வேண்டும், வேறு ஆள் வந்து நிரப்பும் வரை. நம் எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறியது அது. ஆனால் அது சில நாளுக்கான ஏற்பாடு. ஒரு கோடை முழுக்க ஓர் ஓட்டையைச் சுமந்து யாரும் நடந்ததில்லை. அதன் பக்கத்தில் நிற்கப்போகிற நாலாவது டிரம் யார் என்று அன்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்பாவைக் குறை சொல்லாதே. பெட்ரோல் பங்கில், சர்ச்சில், எங்கே போனாலும் யாராவது அவர் தோளைத் தட்டி, "உன் பையனுக்காக ஒரு இடத்தையே காலியா விட்டிருக்காங்களாமே லீலண்ட், வேற யாருப்பா பண்ணுவா இதெல்லாம்!" என்கிறார்கள். அந்த ஒரு பேச்சில்தான் அவர் முகம் கொஞ்சம் நிமிர்கிறது. உங்கள் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த அன்று, "அவன் அங்கதான் நிக்கிறான் கொரின், கண்ணுக்குத் தெரியுது" என்றார். எனக்கு நீ தனியாக நிற்பதுதான் தெரிந்தது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

இன்று காலை கண்ணை மூடிக் கேட்டபோதுதான் முழுதாகப் புரிந்தது. ஐந்து டிரம் வரிசையில் சின்னதிலிருந்து பெரியதை நோக்கி, படியில் இறங்குவதுபோல, ஆளுக்கு ஓர் அடி. ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு நாலாவது, உன்னுடையது. அடுத்த படி இல்லை. அந்த நிசப்தத்துக்குக் கூட்டம் எழுந்து கைதட்டுகிறது. அவர்கள் நல்லவர்கள், மரியாதைக்குத்தான் தட்டுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் உன் கையால் கடைசி அடியை அடித்து, அண்ணன் இல்லை என்பதை மைதானத்துக்கே அறிவிக்கும் வேலையை உனக்குக் கொடுத்துவிட்டோம், பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு. டிரம் வரிசை நகர்வதுபோல நம் வீட்டு வாசலில் பக்கவாட்டில் கால் வைத்து நடக்க அவன் உனக்குச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. "ஏய் நண்டே, காலைப் பாக்காத, பக்கத்துல நான் இருக்கேன்ல, அத நம்பி நட" என்பான். நீ, "நீதான்டா பெரிய நண்டு" என்று குச்சியால் அவன் முட்டியில் தட்டுவாய். பக்கத்தில் ஆள் இருப்பதை நம்பி நடப்பதுதான் அந்த வரிசையே. அது இல்லாமல் நீ இத்தனை நாள் நடந்தாயே, என் கண்ணே.

தேர்வில் இடம் கிடைக்காமல் போய், அணியை விட மனமில்லாமல் உங்கள் சாப்பாட்டு வண்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டு கூடவே வருகிறாளே ஷெல்பி, அவள் ஐந்தாவது டிரம்மின் பாகம் முழுவதையும் கவிழ்த்த வாளியில் வாசிக்கிறாள் என்று நீதான் எழுதியிருந்தாய். அவளிடம் அன்பாக இரு. அவளுக்குக் கால் பிசகினால் திட்டாதே.

கடவுள் உன் கையையும் காலையும் மனதையும் காக்கட்டும். தலையணைக்கு அடியில் ஈரத் துண்டை வைத்துத் தூங்காதே, சளி பிடிக்கும். இதற்குப் பிறகும் வீட்டுக்கு வர வேண்டும் என்று தோன்றினால் ஒரு வார்த்தை போதும், எந்த ஊரானாலும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன், ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் அதற்கு முன், இதைத் தபாலில் போட்டுவிட்டு ராய்ஸைக் கூப்பிட்டு, என் மகன் இடத்தில் ஷெல்பியை நிறுத்துங்கள் என்று சொல்லப்போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் அம்மா,
கொரின்