பட்டுத்துணி மறைத்த வயிறு

போஸ்டர் செய்த என் கணவருக்கு,

என் தாராவிக் கச்சேரிக்கு நீங்கள் செய்த போஸ்டரைச் செம்பூரில் பார்த்தேன். பழைய ஐரோப்பிய ஓவியம் போல இருட்டுப் பின்னணி, பொன் சட்டம், முகத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சம். என் ஆறு மாத வயிற்றை மட்டும் சிவப்புப் பட்டால் மூடியிருக்கிறீர்கள்.

போனில் கேட்டதற்கு, "ஏளா, டிசைனுக்கு அதான் எடுப்பா இருக்கு" என்றீர்கள்.

கோவண்டியில் இருக்கும் உங்கள் அம்மா பார்த்துவிடுவார் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. நம் கல்யாணத்தையும் அவருக்குத் தெரியாமல் இப்படித்தான் மூடி வைத்தீர்கள்.

நேற்று மேடையில் பிள்ளை உதைத்தது. பாட்டை நிறுத்தி, மைக்கில் உங்கள் பெயரைச் சொல்லி, "இவருதான் எம் வீட்டுக்காரரு. இது எங்க பிள்ள" என்றேன். முன்வரிசையில் உங்கள் தங்கை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்நேரம் அம்மா பார்த்திருப்பார். முதலில் அங்கே போய்ப் பேசுங்கள். பிறகு இங்கே வரலாம்.

ஊரறிந்த
உங்கள் மனைவி