பட்டுக்குக் கிடைக்கும் லீவு

இன்று காலை புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தோம். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. முந்தியின் முனையில் நூல்கள் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தன. மடித்துப் பையில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உன் சந்து முனைக்குப் போன பிறகுதான் நினைவு வந்தது, அந்த நூல்களை முடிந்து குச்சு கட்ட நீ இல்லை என்று. மழை தூறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். ஏன் திரும்பி வந்தாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் உன்னிடம் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற எழுத்து. தப்பு இருந்தால் சிரித்துவிட்டுப் போ.

பல வருஷம் நாம் வாசலோடு பழகியவர்கள். புடவையைக் கொடுப்பேன், ரெண்டு நாள் கழித்து வந்து வாங்குவேன். "நல்லா இருக்கிறியாக்கா?" என்பாய். "இருக்கிறேன்மா" என்பேன். அதற்கு மேல் பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் எக்சர்சைஸ் சொல்லித்தரும் அறையில், பக்கத்துப் பாயில் உன்னைப் பார்த்த அன்றுதான் நாம் உண்மையில் பேசினோம். குனிந்து குனிந்து குச்சு கட்டி உனக்குக் கழுத்து போயிருந்தது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டே உட்கார்ந்து எனக்கு இடுப்பு. "அக்கா, நீ கீழ்ப்பாதி, நான் மேல்பாதி. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு நல்ல ஆளு தேறும்" என்றாய். வலியோடு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்போது நான் இருந்த நிலைமை உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இருப்பது கோர்வைத் தறி. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்பதால் ரெண்டு பேர் வேண்டும். இவர் உட்கார்ந்து நெய்ய, இடப்பக்கக் கரைக்குக் குறுக்கு நூல் வைத்த நாடாவை நான் தள்ளுவேன். நான் எழுந்தால் தறி நிற்கும். மூன்று வருஷமாக வலி. அப்புறம் வலியோடு பயமும் சேர்ந்துகொண்டது. குழியில் காலை இறக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளங்கை வேர்க்கும். வேர்த்த கையோடு பட்டைத் தொட முடியுமா? ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். நல்ல சேதி என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் அது நல்ல சேதியாக இல்லை.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லியாம். இடுப்புல மட்டும் இருக்குதாம்" என்பார் இவர். கோபமாகச் சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அதுதான் சுருக்கென்று தைக்கும். ஒருநாள், "உன் பக்கத்துக்கு வேற ஆளு பாக்கட்டுமா?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பலகையில் நான் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த இடம் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு எது இடம் என்று தெரியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொன்னேன். நீ ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப ஒழுங்கா படு, அந்த மேடம் சொல்றத கேளு" என்றாய்.

எக்சர்சைஸ் சொல்லித்தரும் அந்த மேடம் நல்ல பெண். வலி ஒன்று, வலிக்கப்போகிறதே என்று உடம்பு விறைத்துக்கொள்வது இன்னொன்று, ரெண்டாவதை நாமே குறைத்துக்கொள்ளலாம் என்று பொறுமையாகச் சொன்னார். பாதத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக இறுக்க வேண்டும், மூச்சை விட்டுக்கொண்டே தளர்த்த வேண்டும். வலிக்கிற இடத்தை மட்டும் இறுக்கக் கூடாது, தளர்த்தினால் போதும். வீட்டில் செய்வதற்குப் போனிலும் ஒரு குரலை ஏற்றிக் கொடுத்தார். "உங்கள் வலது பாதத்தின் தசைகளை மெல்ல இறுக்குங்கள்" என்று அந்த ஆள் ஆரம்பித்ததும் நீ வாயைப் பொத்திக்கொண்டாய். "யக்கா, இவரு நியூஸ் படிக்கிறாரு. அடுத்தது மழை பெய்யுமா பெய்யாதான்னு சொல்லுவாரு பாரு."

நான் விடாமல் பத்து நாள் செய்தேன். வலி கூடிவிட்டது. இடுப்போடு தொடையும் தோளும் சேர்ந்து வலித்தன. எனக்கு இதுவும் உதவாது என்று முடிவு செய்துவிட்டேன். புடவை வாங்கிப்போக வந்த நீ, "எங்க, செஞ்சு காட்டு" என்று பாயைப் போட்டாய். நான் படுத்தேன். தொடையை இறுக்கினேன், விட்டேன். நீ தொடைமேல் கையை வைத்தாய்.

"உடுக்கா."

"உட்டுட்டேன்மா."

"எங்க உட்ட? கல்லு மாதிரி இருக்குது. இறுக்கி இறுக்கி உள்ளயே வெச்சுக்கினு இருக்கிற."

உனக்கு ஆச்சரியம், எனக்கு அதைவிட ஆச்சரியம். நான் விட்டதாகத்தான் நினைத்திருந்தேன். தறியில் பிறந்து தறியில் வாழ்க்கைப்பட்டவள் நான். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு தொய்ந்தால் துணி கெட்டுப்போகும், நூல் சிக்கும், நாடா தடுக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, 'பாவு தொய்யுது பாரு, பாவு தொய்யுது பாரு' என்று கேட்ட காது இது. தளர்வது என்றாலே தப்பு செய்கிற மாதிரி எனக்கு. உடம்பு அதை என்னைக் கேட்காமலே கற்றுக்கொண்டுவிட்டது.

அந்த நேரத்தில் உள்ளே இவர் அன்றைய வேலையை முடித்துக்கொண்டு எழுந்தார். நெய்த துணியைச் சுருட்டி வைக்கும் படமரத்திலிருந்து, அதை இறுக்கிப் பிடிக்கும் கட்டையை எடுத்தார். விறைப்பாக நின்ற பாவு, அப்படியே சொத்தென்று தொய்ந்தது. தினமும் செய்வதுதான். நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. நீ பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"அது ஏண்ணே தொய்ய உடறீங்க? கெட்டுப்போவாதா?"

"ஓடறப்பதான்மா விறைப்பா இருக்கணும். விடிய விடிய இழுத்துக் கட்டி வெச்சா இழை களைச்சுப் போயிடும். காலைல பட்டு பட்டுன்னு அறுந்துடும்."

நீ என்னைப் பார்த்தாய். அவரைப் பார்த்தாய். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாய். "பட்டுக்குக் குடுக்கிற லீவு உங்க பொண்டாட்டிக்குக் கெடையாதாண்ணே?"

"நானா வாணாங்கிறேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே இவர் கை கழுவப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஸ்கேன் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அதை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன்.

அன்றிலிருந்து போன் குரலை நிறுத்திவிட்டாய். நீயே சொல்ல ஆரம்பித்தாய். "வலது கால். இறுக்கு. இன்னும் கொஞ்சம். ம், இப்ப கட்டைய எடு." அந்த ஒரு சொல்தான். கட்டையை எடு என்று சொன்னதும் என் கால் தானாகத் தொய்ந்தது. பத்து நாள் கேட்ட நல்ல தமிழுக்குப் புரியாத உடம்புக்கு அது புரிந்தது. கால், தொடை, வயிறு, கை, தோள், கழுத்து, தாடை, கண், நெற்றி. தாடையில்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கும். "பல்லக் கடிச்சுக்கினு யார திட்டற? மாமியாரயா?" என்பாய். மாமியார் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது என்பேன். "அப்ப இன்னும் இன்னாத்துக்குக் கடிக்கிற, உடு" என்பாய்.

வலி போய்விடவில்லை. அதை நீயும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அரைமணி நேரம் உட்காருவேன், எழுந்து பத்து நிமிஷம் படுப்பேன், மறுபடி உட்காருவேன். என் பலகைக்கு வேறு ஆள் வரவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் உனக்கும்தான் தெரியும்.

தேர் அன்று ஆட்டோவில் மாட்டிக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? முன்னாலும் ஜனம், பின்னாலும் ஜனம். எனக்கு நெஞ்சு பிய்த்துக்கொண்டு போனது, மூச்சு அடைத்தது. இறங்கி ஓடிவிடலாம் என்று கம்பியைப் பிடித்தேன். நீ என் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். "இழுக்காத. உடு. நீளமா உடு. இழுக்கிறது தானா வரும்." உதட்டைக் குவித்து ரெண்டு பேரும் ஊதினோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாமா, ரெண்டு பேருக்கும் பொறந்த நாளா? கேக்கு எங்க?" என்று கேட்டார். "தேர் நவுந்ததும் வாங்கித் தரேன், நீ வண்டிய பாரு" என்றாய். நான் ஊதுவதை விட்டுச் சிரித்தேன். பயம் எந்த நிமிஷத்தில் போனது என்று தெரியவில்லை.

போன வருஷம் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். சென்னைக்கும் இங்குமாக அலைந்தாய். பிறகு அலைவதையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு மதியம் வந்தேன். மாத்திரை போட்டும் வலி அடங்கவில்லை. உன் கை கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கி நீ சொல்லுக்கா. நான் படுத்துக்கிறேன்" என்றாய்.

நான் எப்போதும் படுக்கிறவள்தானே, சொல்கிறவள் நீ. எப்படியோ ஆரம்பித்தேன். காலைச் சொன்னேன், தொடையைச் சொன்னேன், நேராகக் கைக்குப் போய்விட்டேன். நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "என் வயித்த உட்டுட்டியேக்கா."

வேண்டுமென்றேதான் விட்டேன். அதன் பேரைச் சொன்னாலே உனக்கு வலிக்கும் என்று பயந்தேன். "அதயும் சொல்லு. அது இன்னா பண்ணும், பாவம்" என்றாய்.

சொன்னேன். வயிற்றை இறுக்க வேண்டாம், கட்டையை மட்டும் எடு என்று சொன்னேன். என் கையை அதன்மேல் லேசாக வைத்தேன். நெற்றிக்கு வருவதற்குள் உன் விரல்கள் சட்டத்தை விட்டிருந்தன. வலி போனதா என்று கேட்டேன். "இருக்குது. ஆனா சண்ட போடல" என்றாய். அதன் பிறகு ஆடி வரை தினமும் வந்து சொன்னேன். ஒருநாளும் தவறவில்லை. உனக்கு நான் திருப்பிச் செய்தது அது ஒன்றுதான்.

நீ போன காலையில் நானும் அங்கே இருந்தேன். உன் அக்கா ஒரு வெள்ளைத் துணியை எடுத்து உன் தாடையைச் சுற்றித் தலைமேல் கட்டப்போனார். எங்கள் வீடுகளிலும் கட்டுவார்கள், எனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் வாய் தவறி வந்துவிட்டது. "இறுக்காதீங்கம்மா. தாடைய இறுக்கக் கூடாது அவளுக்கு."

கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் அக்கா மட்டும் கோபப்படவில்லை. "வாய் மூடணும்மா, அதுக்குத்தான்" என்றார். பிறகு துணிக்குள் ஒரு விரலை விட்டு, முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, "இப்ப சரியா?" என்று என்னைக் கேட்டார். எந்தப் புண்ணியவதி பெற்ற பிள்ளைகளோ நீங்கள் ரெண்டு பேரும்.

அதற்குப் பிறகு என்னால் அந்தப் பயிற்சியைச் செய்ய முடியவில்லை. கால் வரும், தோள் வரும். தாடையைத் தளர விட்டால் அழுகை வந்துவிடும். முதல் தடவை வந்த சத்தத்துக்கு இவர் தறியிலிருந்து பதறி எழுந்து ஓடி வந்தார். அதோடு பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். பல்லைக் கடித்தபடி நடமாடினேன். ஒரு மாதத்தில் இடுப்பு பழையபடி பிடித்துக்கொண்டது. குழியில் காலை இறக்கினால் நெஞ்சு படபடத்தது. தறி நின்றது. மஞ்சள் புடவை பாதியில் அப்படியே கிடந்தது. இனி இந்த இடம் எனக்கு இல்லை என்று நானே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் இவர் பாயை எடுத்துவந்து விரித்தார்.

"படு."

"இன்னாத்துக்கு?"

"படுன்னா படேன்."

படுத்தேன். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். "வலது கால். இறுக்கு. இன்னும் கொஞ்சம். இப்ப கட்டைய எடு." ஒரு இடம் விடாமல், நீ நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, வயிற்றையும் விடாமல் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவரைக் கேட்டேன். "நாலு வருஷமா காதுல உழுந்துக்கினே இருக்குது. எனக்கு இன்னா காது கேக்காதா?" என்றார்.

தாடை வந்தது. "தாடைய உடு" என்றார். நான் விட்டேன். அழுகை வந்தது, முன்பு வந்ததைவிடப் பெரிதாக. அவர் அழாதே என்று சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அது தானாக அடங்கியதும், "கண்ணு" என்றார். அப்புறம், "நெத்தி" என்றார்.

மறுநாள் நான் குழியில் காலை இறக்கினேன். அந்தப் புடவையைத்தான் இன்று அறுத்து எடுத்தோம்.

உன்னிடமிருந்து எனக்கு நகையோ படமோ எதுவும் வரவில்லை. ஒன்பது இடத்தின் பேரும், அந்த வரிசையும்தான் வந்தது. தினமும் ரெண்டு வேளை எங்கள் வீட்டில் அது கேட்கிறது, கட்டைக் குரலில். தாடை முடிந்து எட்டாவதுக்குப் போவதற்கு முன்னால் அவர் கொஞ்சம் காத்திருப்பார். சில நாள் நான் அழுவேன், சில நாள் அழமாட்டேன். இரண்டுக்கும் அவர் ஒரே அளவுதான் காத்திருக்கிறார். பிறகு நான் எழுந்து போய்த் தறியில் என் பக்கத்தில் உட்காருகிறேன்.