குப்பைமேனி வேரும் நவாபும்

22 அக்டோபர், புதன்
மழை. தீபாவளி வெடிக்குப் பயந்து பக்கத்துப் பூட்டிய வீட்டுக்குள் ஓடிய கீழ்வீட்டுப் பூனை நவாப் இன்னும் வெளியே வரவில்லை. கீழ்வீட்டு ஹாஜிரா பீ ஜாக்கெட் தைப்பதை விட்டுவிட்டு மதிலோரம் நின்று கூப்பிடுகிறார். பரணிலிருந்து பதில் வருகிறது, பூனை வருவதில்லை. திங்கட்கிழமை அந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள்.

எனக்கு ஒரு யோசனை. சொல்வதா? பலிக்காவிட்டால்?

23 அக்டோபர், வியாழன்
படியில் இரண்டு முறை இறங்கி ஏறிவிட்டு, ஹாஜிரா பீயிடம் சொல்லிவிட்டேன். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர். அதன் வேரின் வாசனை மூக்கில் பட்டால் போதும், பூனையின் மூளை தன் போதையைத் தானே சுரந்துகொள்ளும். பத்து நிமிடக் கூத்து. பிறகு ஒரு மணி நேரம் எதுவும் ஏறாது. சில பூனைகளுக்குப் பிறவியிலேயே ஏறாது. கால்நடைக் கல்லூரியில் வருடக்கணக்காக நடத்திய பாடம். நேரில் ஒரு பூனையிடமும் பார்த்ததில்லை. அதை மட்டும் சொல்லவில்லை.

“நாலு வருசமா மேல கீறீங்க சார். இன்னிக்குத்தான் உங்க குரலையே கேக்கறேன்” என்றார்.

24 அக்டோபர், வெள்ளி
தோல்வி. நேற்றுப் பிடுங்கிய வேர்களைக் கழுவி, மின்விசிறியடியில் உலர்த்தி, இடித்துச் சலித்து, புட்டியில் அடைத்து, பெயர்ச்சீட்டும் ஒட்டினேன். தெருவின் மஞ்சள் பூனை முகர்ந்துவிட்டு, கொட்டாவி விட்டது. நான் எதற்கு வாயைத் திறந்தேன்?

மாலை. அதே பூனை என் வாசல் மிதியடியில் மல்லாந்து புரள்கிறது! நேற்று வேர் பிடுங்கிய மண் கையைத் துடைத்த இடம். காற்றில் பறந்துபோகும் பொருளை நானே காற்றாட உலர்த்தியிருக்கிறேன். மாணவன் செய்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

25 அக்டோபர், சனி
ஒத்திகைக்காகச் சாக்கடையோரம் புதிதாக ஒரு பிடி பிடுங்கினேன். கழுவவில்லை. கையை வேட்டியில் துடைத்தது பிசகு. கச்சேரி ரோடு திரும்புவதற்குள் பின்னால் நான்கு பூனைகள். ஒன்று வேட்டி நுனியைக் கடித்துத் தொங்கியது. ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, “இன்னா நைனா, மாப்ள ஊர்வலமா?” என்று கேட்டார்.

மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மனிதனுக்கு இது ஏறாது, தெரியும். இருந்தாலும்—

26 அக்டோபர், ஞாயிறு
நவாபுக்குப் பிறவியிலேயே ஏறாதென்றால்?

27 அக்டோபர், திங்கள்
எப்படி எழுதுவது?

இடிப்பு வேலை மேற்பார்வையாளர் அசோகன் காலையில் பூட்டைத் திறந்தார். ஆட்கள் உள்ளே போனதும் நவாப் பரண் மூலைக்குள் இன்னும் பதுங்கினான். அசோகன் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார். “ஜேசிபி நின்னுக்கினு கீது சார். பத்து நிமிசம். அதுக்குமேல என்னால ஆவாது.”

நான் கூடத்து நடுவில் சம்மணமிட்டு வேரை நசுக்கினேன். வந்தன, வெளியிலிருந்து! மஞ்சள், கறுப்பு, இன்னும் மூன்று. ஒன்று என் மடியில் உருண்டது, ஒன்று தோளில் ஏறிக் காதை நக்கியது, ஒன்று மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டு அதன்மேல் படுத்தது. நவாப் மட்டும் இல்லை. நேரம் போகிறது. கண்ணாடியில்லாமல், நாலு காலில், வேரைப் பிடித்துக்கொண்டு “நவாப், நவாப்” என்று நானும் தவழ்ந்தேன்.

வாசலில் அழுதுகொண்டிருந்த ஹாஜிரா பீ சிரித்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியவில்லை. அசோகன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது பரணிலிருந்து நவாப் குதித்தான். ஒட்டடையோடு, என்னைத் தாண்டி, வேரைத் தாண்டி, நேராக ஹாஜிரா பீயின் காலடிக்கு.

“சார், உங்க மருந்து வேலை செஞ்சிடுச்சு” என்றார். தலையாட்டிவிட்டேன்.

4 நவம்பர், செவ்வாய்
பக்கத்து மனை தரைமட்டம். நவாப் இப்போது மதியத்தில் மாடியேறி வந்து என் மேசைக்கடியில் தூங்குகிறான். உறுத்தல் தாளாமல் இன்று ஒரு புது வேரை நசுக்கி அவன் மூக்கருகே நீட்டினேன். ஒரு கண்ணைத் திறந்தான். மூடிக்கொண்டான். அவனுக்கு ஏறவே ஏறாது.

அப்படியானால் அன்று அவனை இறக்கியது மருந்தல்ல, ஹாஜிரா பீயின் சிரிப்பு. இதை அவரிடம் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் தலையாட்டியது தவறு. படியில் ஒரே முறைதான் இறங்கினேன்.

சொன்னேன். மறுபடி சிரித்தார். மேலே நவாப் விழித்துக்கொண்டு, படிகளில் தடதடவென்று ஓடி வந்தான்.