நூறு கேபிக்குள் ஒரு கால்விரல்

மார்ச் 4, செவ்வாய்

இந்நேரத்தில் உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், நாட்குறிப்பே. பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள்.

இன்று எங்கள் இணைய அம்மாக்கள் குழுவில் ஒரு புதியவள். ‘தூங்காதவள்’ என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு மாதக் குழந்தை. புதியவர்களை வரவேற்பது என் வேலை. அவர்கள் அனுப்பும் படத்தைச் சுருக்கிப் போடுவதும் நான்தான். படத்தின் அளவு நூறு கேபியை, அதாவது நூறு கிலோபைட்டைத் தாண்டினால் குழுவை நடத்தும் பெரியக்கா விடமாட்டார். பாதிப் பேருக்கு நெட் இழுக்காதாம். நியாயம்தான்.

குழந்தையின் கால்விரல் படம். சிவந்து வீங்கியிருக்கிறது, சாயங்காலத்திலிருந்து ஒரே அழுகையாம். சுருக்கிப் போட்டேன். பூச்சிக்கடி என்று பதினோரு பேர் சொன்னார்கள். பன்னிரண்டாவது ஆள் நான். “பயப்படாதீங்க, காலைல வத்திடும்” என்று எழுதி ஒரு பூப்படமும் வைத்தேன்.

மார்ச் 5, விடியப்போகிறது

போன் நிரம்பிவிட்டதே என்று படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். தூங்காதவள் அனுப்பிய மூலப்படம் வந்தது. சும்மா பெரிதாக்கினேன். விரலின் அடியில் ஒரு கோடு. மடிப்பில்லை. முடி. தலைமுடி ஒன்று சுற்றி இறுகி, சதைக்குள் புதைந்திருக்கிறது. பிள்ளை பெற்றபின் கொத்துக் கொத்தாகக் கொட்டுமே, அந்த முடி.

சுருக்கிய படத்தைத் திறந்தேன். கோடே இல்லை. சுருக்கும்போது நானே அழித்துவிட்டிருக்கிறேன்.

முடி சுற்றியிருக்கு, இப்பவே ஆஸ்பத்திரி போங்க என்று அவளுக்குத் தனிச்செய்தியில் ஆறு தடவை எழுதிவிட்டேன். பார்க்கவில்லை. அவள் நம்பர் கேட்டுப் பெரியக்காவைத் தூக்கத்தில் எழுப்பினேன். நம்பர் வாங்கற வழக்கம் நமக்கு இல்லையேம்மா என்றார். வழக்கமாம்!

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “உலகத்துல இருக்கற பிள்ளைக்கெல்லாம் நீதான் அம்மாவா? படும்மா” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல்? என்மேல்தான்.

மார்ச் 5, இரவு

காலை ஏழே முக்காலுக்குப் பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

மார்ச் 6, வியாழன்

வந்துவிட்டது. “டாக்டர் கீறி எடுத்தார். நுனி கறுத்திருக்கு, நாலு நாள் போனாத்தான் சொல்ல முடியுமாம். நீங்க சொல்லித்தான் ஓடினேன். ஆனா முதல்லயே அந்தப் படத்தப் பார்த்திருக்கலாமே அக்கா.”

குழுவிலிருந்தும் விலகிவிட்டாள்.

பார்த்தேனே. எத்தனை கேபி என்று பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. சரியாக வந்துவிட்டது என்று ஒரு திருப்தி வேறு – சே.

மார்ச் 10, திங்கள்

இன்று இன்னொரு புதியவள். குழந்தையின் தொப்புள் படம். சுருக்கவில்லை, அப்படியே போட்டேன். திறக்கவே மாட்டேங்குது என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். பெரியக்கா படத்தை நீக்கவில்லை. நான் மூலைமூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதையே எழுதினேன்: எனக்குத் தெரியல, டாக்டர்கிட்ட காட்டுங்க. பூப்படம் வைக்கவில்லை.

குழுவை விட்டுப் போனாலும் தூங்காதவளுக்குத் தனிச்செய்தி இன்னும் போகிறது. அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

“காலைல வத்திடும்னு சொன்னது என் தப்பு. அதுக்கு எந்தச் சாக்கும் சொல்ல வரல. திட்டணும்னா திட்டுங்க. நாலு நாள் ஆயிடுச்சு. விரல் எப்படி இருக்கு? சீக்கிரம் பதில் போடுங்க.”